பசியோடு போன கடை

என்னங்க,

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ஆள் குறைவு, நான் சீக்கிரமே கிளம்புறேன். ஊர்த் துணியெல்லாம் துவைக்கிறவ வீட்ல துணி சோப்பு இல்ல. நேத்து அதுக்குத்தான் போனீங்க. வேலை முடிஞ்ச பசியோட போய் கேக்கு, சிப்ஸ், பிஸ்கட்னு ரெண்டு பை அள்ளிட்டு வந்தீங்க, சோப்பை மறந்துட்டீங்க.

மாசம் பாதிகூடத் தாண்டல, இப்பவே கையைக் கடிக்குது. வெறும் வயித்தோட கடைக்குப் போகக் கூடாதுங்கிறது நாம ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட சட்டம். ஞாபகப்படுத்தினதுக்கு, "ஒரு பிஸ்கட்டுக்குக்கூடவா கணக்கு?"ன்னு சாப்பிடாமப் படுத்துட்டீங்க. எனக்கும் மல்லுக்கட்டத் தெம்பில்ல.

சோறும் முட்டைக் குழம்பும் அடுப்பு மேல மூடியிருக்கு. சாப்பிட்டுட்டு சோப்பு வாங்கப் போங்க.

கேக்கைத் திருப்பிக் கொடுக்க முடியாது. பாப்பா பிரிச்சுட்டா.

கடைக்குப் போகாட்டியும் சாப்பிடுங்க.