சிவப்பில் நின்ற முள்

நேற்று பெரம்பலூரில் ஒரு கல்யாணம். அண்ணன் மகன் தன் புதுக் காரில் என்னை ஏற்றிக்கொண்டு போனான். அரியலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அவன் கைக்கு எதிரே சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. என்னடா அது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லத்தை, சென்சார் போயிடுச்சு. எஞ்சின் ஹீட்டே ஆவல, இது சும்மா காட்டுது. ஞாயித்துக்கெழம வூட்டுலயே மாத்திடுவேன்" என்றான். சொல்லிவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு ஓட்டினான்.

நிறுத்துடா என்று கத்திவிட்டேன். இறங்கிப் போய் ரோட்டோரம் நின்றேன். எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்துக்கொண்டு ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தான். நானும் அதை மோந்துகொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது? இதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

நம் அம்பாசடர் டாக்ஸியை நீங்கள் பார்த்துக்கொண்ட லட்சணம் அரியலூர் ஸ்டேஷன் வாசலில் நின்ற டாக்ஸிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். குழம்பில் உப்பில்லை என்றாலும் உங்களுக்கு உறைக்காது. ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் சாவியைத் தொட மாட்டீர்கள். எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டர் முள்தான் உங்களுக்குக் குலசாமி. "முள்ளு செவப்புக்குப் போச்சுன்னா நிறுத்திடணும். மீறி ஓட்டுனா எஞ்சின் ஹெட் போயிடும், அப்புறம் வண்டி அந்த எடத்தவிட்டு அசையாது" என்பீர்கள். எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள், நான் என்னமோ வண்டி ஓட்டப் போகிறவள் மாதிரி!

நம் மகள் செல்விக்கு அப்போது ஒன்றாம் வகுப்பு. காய்ச்சலும் தொண்டை வலியுமாகப் படுத்தவளுக்கு மறுநாள் எச்சில்கூட இறங்கவில்லை. மூச்சு விடும்போது சீழ்க்கை அடிப்பதுபோல ஒரு சத்தம். நம் தெரு டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். "தொண்டை அடைப்பான் மாதிரி தெரியுது. இங்க ஒண்ணும் பண்ண முடியாது, உடனே தஞ்சாவூருக்குக் கொண்டு போயிடுங்க" என்றார். நீங்கள் ஏற்கெனவே வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தீர்கள்.

பின்சீட்டில் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழப்பழுவூர் தாண்டியது. திருமானூருக்கு முன்னால், இரண்டு பக்கமும் கரும்பு நிற்கும் இடத்தில், முள் சிவப்புக்குப் போயிற்று. நீங்கள் உடனே வண்டியை ஓரங்கட்டினீர்கள்.

பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, வாய்க்காலில் சாக்கை நனைத்து வந்து ரேடியேட்டர் மேல் போட்டீர்கள். துண்டால் விசிறினீர்கள். உள்ளே வந்து சாவியைப் போட்டு முள்ளைப் பார்ப்பீர்கள், சிவப்பிலேயே நிற்கும். மறுபடி ஓடுவீர்கள். அந்த வெயிலில் நீங்கள் பட்ட பாட்டை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "ஏம்ப்பா நிக்குது?" என்று கேட்டாள். பாதிதான் சத்தம் வந்தது. "வண்டிக்கும் காய்ச்சல்டா கண்ணு. ஆறுனதும் போயிடலாம்" என்றீர்கள். அவள் தலையாட்டினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எரிஞ்சா எரிஞ்சு போவட்டும், ஓட்டுங்க" என்றேன்.

"நடுவழியில நின்னு போச்சுன்னா என்னடி பண்ணுவ? புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடுவியா?" என்று திரும்பிக் கத்தினீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. நீங்கள் சொன்னதும் நியாயம்தான். ஒரு பஸ், ஒரு லாரிகூட அந்த நேரம் பார்த்து வரவில்லை. கரும்பின் நிழல் ரோட்டுக்கு வந்தது. முள் இறங்கவில்லை. கடைசியில் நீங்களே, வருவது வரட்டும் என்று சிவப்பு முள்ளோடு வண்டியை எடுத்தீர்கள். கொள்ளிடத்தைத் தாண்டித் தஞ்சாவூர் வரைக்கும் வண்டி ஓர் இருமல் இல்லாமல் ஓடியது.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடத்தும்போதே அவளிடம் மூச்சு இல்லை. "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கக் கூடாதாம்மா?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, நீங்கள் திருச்சிக்குப் போய் ஒரு புது யூனிட் வாங்கி வந்தீர்கள். எஞ்சினில் திருகினால் அதன் சூட்டை ஒரு வயர் வழியாக மீட்டருக்குச் சொல்லும் பித்தளைச் சாமான், கட்டை விரல் பருமன்தான் இருக்கும். எஞ்சின் ஆறிக் கிடந்த காலை நேரம். ஸ்பானரைப் போட்டுப் பழசைக் கழற்றியதும் தண்ணீர் குபுக்கென்று வந்து உங்கள் முழங்கை வரை வழிந்தது. புதியதை மாட்டிவிட்டுப் பழசைத் தூக்கி எறிந்திருக்கலாம். உங்களால் முடியவில்லை. கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்து, பழைய யூனிட்டை அதற்குள் விட்டு, மீட்டர் வயரை அதில் மாட்டினீர்கள். இன்னொரு வயரால் அதை வண்டியின் இரும்போடு சேர்த்துக் கட்டினீர்கள். "நீ போயி முன்சீட்டுல உக்காரு. சாவியப் போட்டு முள்ளப் பாத்துச் சொல்லு" என்றீர்கள்.

பானெட் தூக்கியிருந்ததால் உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. சாவியைத் திருகினேன். முள் ஒரே தாவாகத் தாவியது.

"எங்க நிக்குது?"

"செவப்புல."

நீங்கள் வாளிக்குள் கையை விடும் சத்தம் கேட்டது. பிறகு, "நல்லாப் பாரு" என்றீர்கள்.

"செவப்புலதாங்க நிக்குது."

"பச்சத் தண்ணியிலடி கெடக்குது!" என்றீர்கள். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "கொதிச்சா மெல்லமா ஏறும். அன்னிக்கும் இதே மாதிரிதான் தாவுச்சு. எனக்கு ஏன் தோணல?" என்றீர்கள்.

நான் இறங்கி வரவில்லை. நீங்களும் இந்தப் பக்கம் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். புது யூனிட்டை இறுக்கும் சத்தம் கேட்டது, தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வண்டியைக் கிளப்பச் சொன்னீர்கள். முள் ஆற அமர ஏறி நடுவில் போய் நின்றது. மறுநாள் நீங்கள் ஸ்டேஷனுக்குச் சவாரிக்குப் போனீர்கள். போகாமல் என்ன செய்வது, சாப்பிட வேண்டுமே.

அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவே இல்லை. ஆயுசு அவ்வளவுதான், எழுதி வைத்தது நடந்தது என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லும்போது இருவரும் தலையாட்டினோம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுதி வைத்ததாவது, மண்ணாவது. எஞ்சின் கொதிக்கவே இல்லை என்று எழுந்து கத்தத் தோன்றும். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் காபி கலப்பேன்.

கடைசியாகப் படுக்கையில் விழுந்த நாட்களில் ஒருநாள் திடீரென்று கேட்டீர்கள்: "அன்னிக்கு நீ ஓட்டுங்கன்னு சொன்னல்ல?"

"இல்லியே. நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க" என்றேன்.

"சொன்ன. எனக்குக் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான் சொன்ன அந்த ஒரு பொய்யும் உங்களுக்கு உதவவில்லை.

நீங்கள் போனபோது துக்கம் கேட்க வந்தவர்கள், "மககிட்டப் போயிச் சேந்துட்டாரு" என்றார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. மண்ணில் போட்டால் மண்தான். அந்த வாளித் தண்ணீரில் முள் எங்கே நின்றது என்பது இங்கே இப்போது என் ஒருத்திக்குத்தான் தெரியும். அதை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. ஒருவேளை அவர்கள் சொல்வது நிஜமாக இருந்து, அங்கே அவள் இருந்து, அன்றைக்கு ஏனப்பா அவ்வளவு நேரம் நின்றோம் என்று உங்களைக் கேட்டால், உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். எஞ்சின் கொதித்தது, அதனால்தான் நின்றோம் என்று சொல்லுங்கள். நான் வந்தாலும் அதையேதான் சொல்வேன்.