உன் பெயருக்கு நேரே என் கையெழுத்து

இன்றைக்குக் காலையில், கிராம சபையில், அந்தத் தீர்மானப் புத்தகம் மறுபடியும் என் மடிக்கு வந்தது. அதே நீல அட்டை, சணல் கட்டிய பேனா, கைநாட்டு வைப்பவர்களுக்கான மைப்பெட்டியின் வாடை. இனி ஒரு தொற்று வந்தால் ஊர் என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கும் கூட்டமாம். பக்கத்தைப் புரட்டினேன். மேலே முழுக்க வெற்றுத்தாள். கீழே பாதி ஊர் கையெழுத்துப் போட்டிருந்தது.

நம்மூர் வழக்கம் உனக்குத் தெரியாததா? முதலில் கையெழுத்து, அப்புறம்தான் தீர்மானம். கூட்டம் கலைந்த பிறகு செயலாளர் டீ குடித்துக்கொண்டே எழுதுவார்.

கொரோனா வந்த வருடமும் அப்படித்தான். கோயில் எதிரே சுண்ணாம்பு வட்டங்களுக்குள் உட்கார்ந்திருந்தோம். நாம் இரண்டு பேரும் வேலை பார்த்தது மருந்து டப்பா செய்கிற கம்பெனி என்பதால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நமக்கு மட்டும் வேலை நிற்கவில்லை. ரோட்டில் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வெளியாள் நுழையாமல் ஊரைக் காப்பாற்றப் போகிறோம் என்றார் தலைவர். நீ எழுந்தாய்.

"இன்னா பண்ணப் போறீங்கன்னு சொல்லிட்டு கையெழுத்து கேளுங்க. இதுல ஒண்ணுமே எழுதலியே."

"அதெல்லாம் அப்பால எழுதிக்கலாம்மா. ஊரே போட்டுடுச்சு, உனக்கு மட்டும் இன்னா பேஜாரு?"

"எனுக்கு மூச்சு இழுப்பு கீது. வழிய கிழிய அடைச்சீங்கன்னா ஆஸ்பத்திரிக்கு நான் எப்டிப் போவேன்? எழுதிப் படிங்க, போடறேன்."

எவ்வளவு நியாயமான கேள்வி! உன்னோடு சேர்ந்து ஒருவரும் எழவில்லை. நானும்தான். எனக்கு வேன் போய்விடுமே என்ற பதைப்பு. நீ தலைவரோடு மல்லுக்கு நின்றபோது செயலாளர் என் பக்கம் குனிந்தார். "ஒருத்தி பேரு மட்டும் காலியா இருந்தா நல்லா இருக்காதும்மா. நீ அவ கூட்டாளிதான, போட்டுடு."

போட்டேன். ஒருத்தி வேனுக்கு ஓடிவருவதற்குள் இன்னொருத்தி வேன் நோட்டில் அவளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு வைப்பது நமக்குள் பழக்கம். உன் கையெழுத்து என் கைக்கு அத்துப்படி. இதையும் வேன் நோட்டு மாதிரி நினைத்துவிட்டேன், பாவி.

மறுநாள் பொக்லைன் வந்து ஊருக்குள் வரும் இரண்டு பாதைகளையும் குறுக்கே வெட்டியது. நீ பள்ளத்தின் ஓரம் நின்று கத்தினாய். தலைவர் புத்தகத்தை விரித்துக் காட்டினார். "நீயும்தான் போட்டுக்கீற, பாரு."

நீ அந்தக் கையெழுத்தைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். இது நான் போட்டதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும். நீ சொல்லவில்லை. முந்தானையை உதறிவிட்டு வீட்டுக்கு நடந்தாய்.

நாலாம் நாள் உனக்கு இழுப்பு வந்தது. ஆம்புலன்ஸ் பள்ளத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உன்னை வைத்துத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்காரரும் நானும் பள்ளத்தில் இறங்கினோம். முந்தின நாள் மழையில் அடியில் ஒரே சேறு. மூச்சுக்குத் தவித்துக்கொண்டே நீ என்னிடம் சொன்னாய்: "பாத்து கால வைடி, வழுக்கும்."

கும்மிடிப்பூண்டி தாண்டுவதற்குள் நீ போய்விட்டாய். பள்ளம் இல்லாவிட்டால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் கேட்டேன். அதைச் சொல்ல முடியாதும்மா என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை, இன்றுவரைக்கும்.

இப்போது செயலாளர் மாறிவிட்டார், பேச்சு மாறவில்லை. "போடுங்கம்மா, அப்பால எழுதிக்கலாம்." நான் புத்தகத்தை மூடி மடியிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"எழுதிப் படிங்க. அதுவரைக்கும் தரமாட்டேன்."

"இன்னா, ஊரையே நிறுத்தி வெக்கிறியா? அன்னிக்கு எல்லாரும் ஒத்துக்கினுதான பள்ளம் வெட்டுனோம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கடைசி வரிசையில் உன் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமல் சொன்னேன்: "எல்லாரும் ஒத்துக்கல. அவ போடவே இல்ல. அவ பேர போட்டது நான்."

அவர் எழுந்தார். அடிக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன், வந்து அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. செயலாளரைப் பார்த்து, "எழுதிப் படிங்கய்யா" என்றார்.

எழுதினார்கள். ஆம்புலன்ஸ் வரும் வழியை என்ன நோய் வந்தாலும் அடைக்கக் கூடாது, ஊரைக் கேட்காமல் எதையும் மூடக் கூடாது. இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டோம். அப்புறம் போட்டேன். பக்கத்தில் இருந்தவள் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "எனுக்கும் சேத்து நீயே போட்டுடுக்கா" என்றாள். பிள்ளையை நான் வாங்கிக்கொண்டு பேனாவை அவளிடம் கொடுத்தேன்.

உன் வீட்டுக்காரர் என்னோடு பேசாமலே போய்விட்டார். இனி பேசுவாரோ மாட்டாரோ. உன் கையெழுத்து மட்டும் என் விரலைவிட்டுப் போகவில்லையடி. இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு, உன்னுடையதைப் போலவே, அதை என்னால் போட முடியும்.