சுகன்யா ஜெர்மனி போகும் விஷயம்

ஆகஸ்ட் 14, வியாழன்

படுத்தும் தூக்கம் வரவில்லை. சுகன்யாவின் அப்பா முகமே கண்முன் நிற்கிறது.

எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பருவம் ஜெர்மனியில் படிக்க அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். வீட்டில் சம்மதிக்கவில்லை. வெளிநாட்டுத் தொடர்பெல்லாம் என் பொறுப்பு என்பதால், இன்று மாலை ராசிபுரத்தில் அவர்கள் வீட்டுக்கே போனேன். அவள் அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டுகிறவர். மரியாதையாகத்தான் மறுத்தார்.

"ஆறு மாசம் புள்ளயப் பாக்காம எப்படிங்க மேடம் இருக்கறது?"

சுகன்யாதான் மெல்லச் சொன்னாள்: "நீங்க ரிக்கு வண்டியோட ஆப்பிரிக்கா போயி ரண்டு வருசம் வராதப்ப, நாங்க இருந்தமில்லீங்கப்பா?"

அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வந்து அவர்கள் நிம்மதியைக் கலைத்துவிட்டேனோ என்று உறுத்தியது. சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் ஸ்டாப் வரை அவள் அப்பா கூடவே வந்தார். பஸ் வந்து நின்றதும் கேட்டார்.

"ஒவ்வொரு தடவ வண்டி எடுக்கறப்பவும் சுகன்யாதானுங்க சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வெப்பா. ஏனுங்க மேடம், பிளேனுக்கு வெக்க உடுவாங்களா?"