மழைக்கு வந்த நான்கு கோழிகள்

ஜூன் 19, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. பால் தாமதம். மூட்டுவலி மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

பத்து மணிக்கு வித்யா போன். "அப்பா, ஒரு ஹெல்ப். நாலு கோழி. மழை நிக்கற வரைக்கும்தான்." தாராவியில் அவர்கள் சந்து முழுக்கச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்களாம். அவள் மாமியார் வளர்க்கும் கோழிகளுக்கு நிற்க இடமில்லை. நமக்கோ தரைத்தள வீடு. பின்னால் துவைக்கிற கல்லும் கொஞ்சம் மண்ணுமாக ஒரு கொல்லை. சரி என்று சொல்லிவிட்டேன். ஆத்துக்காரி ஜயாவைக் கேட்காமல். தெரிந்தே செய்த தவறு.

மதியம் மாப்பிள்ளை செல்வம் டாக்ஸியில். இரண்டு பிளாஸ்டிக் கிரேட், மேலே சாக்கு. பின்பக்க கேட் வழியாகத்தான் வந்தார்.

"உள்ள வாங்கோ, காபி சாப்பிடலாம்."

"இருக்கட்டும் மாமா. கால் பூரா சகதி."

சகதி காரணம் இல்லை. இரண்டு பேருக்கும் தெரியும். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம். நான் போனேன், ஜ. வரவில்லை. நம்ம ஜாதி இல்லை என்று இன்றுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. வித்யா மட்டும் மாதம் ஒரு தரம் தனியாக வந்து போவாள்.

போகும்போது சொன்னார்: "ஈரம் மட்டும் ஆவாது மாமா. கால் நனைஞ்சா சளி பிடிச்சிரும். பூசணம் பிடிச்ச தீனிய மட்டும் போட்டுராதிய. பச்சைக்கீரை கொஞ்சம் கிடைச்சா ரொம்ப நல்லது."

உள்ளே டிவி சத்தம் மிக அதிகம். அவர் கேட்டைச் சாத்தியதும் டிவி நின்றது.

ஜ.: "ஆத்துல கோழியா? என்னன்னா இது, ஏதாவது யோஜனை உண்டா?"

நான்: கொல்லை வேறு, வீடு வேறு.

ராத்திரி ரசத்தில் உப்பு இல்லை.

ஜூன் 20, வெள்ளி

மழை. பெயர்கள் போனில் வந்தன: கருப்பி, செம்பி, புள்ளி, வெள்ளச்சி.

முப்பத்து நான்கு வருஷம் டிராயிங் போர்டில் அடுத்தவர் தொழிற்சாலைக்கு வரைந்தவன், முதல் தடவையாக என் சொந்தக் கட்டடம். வித்யாவின் பழைய படிப்பு மேஜைதான் எலும்புக்கூடு. கால்கள் நான்கும் செங்கல் மேல். நீலத் தார்ப்பாய், சரிவு தெற்கே. மூன்று பக்கம் பலகை, முன்பக்கம் வலை. பூனைக்காகக் கொக்கி இரண்டு.

செய்ய வேண்டியவை:
– மரத்தூள் (தச்சுக்கடையில் சும்மாவே தருகிறான்)
– தீனிக்கு மூடி போட்ட டின்
– சுண்ணாம்பு
– மாத்திரை (மறுபடி மறந்தாயிற்று)

ஜூன் 22, ஞாயிறு

காலையில் வெயில் பத்து நிமிஷம். மரத்தூளை மாற்றினேன். பழையதைக் கையில் பிடித்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது என்பது என் அளவுகோல். சொட்டியது. தார்ப்பாயை இன்னும் ஓரடி வெளியே இழுத்துக் கட்டியாயிற்று.

கீரை விதைத்தேன். முளைக்கீரை ஒரு பாத்தி, மேத்தி என்கிற வெந்தயக்கீரை ஒரு பாத்தி. ஜன்னல் கிரில்லில் பசலைக்கொடி.

மாலை ஒரே கொட்டு. இரண்டு பாத்தி விதையும் மிதந்து சாக்கடை வாயில் போய் ஒதுங்கின. பக்கெட்டால் அள்ளப் பார்த்தேன். சமையலறை ஜன்னலில் ஏதோ சத்தம். திரும்பினால் ஜன்னல் சாத்தியிருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

தூறல். மீன்காரி தூக்கிப் போடும் தெர்மகோல் பெட்டிகள் மூன்று வாங்கி வந்து, அடியில் ஓட்டை போட்டு, கிரில்லுக்குக் கீழே வைத்திருந்தேன். எட்டு நாளில் மேத்தி விரல் உயரம். என்ன பச்சை! ஆபீசில் வாங்கிய எந்த பிரமோஷனுக்கும் இவ்வளவு சந்தோஷப்பட்டதாக நினைவில்லை.

மத்தியானம் கூட்டைக் கழுவ நால்வரையும் வெளியே விட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்று பெட்டியும் காலி. வேரோடு. செம்பி ஒரு பெட்டிக்குள்ளேயே நின்றுகொண்டு மண்ணைச் சீய்க்கிறது.

"ஏய்! ஏய்!" என்று ஓடினேன். பாசியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். வெள்ளச்சி வந்து முகத்தை அருகில் பார்த்துவிட்டுப் போனது.

ஜன்னல் திறந்தே இருந்தது. ஜ. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. எழுந்திருக்க மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 3, வியாழன்

புதுத் திட்டம். பெட்டி அளவுக்கு மரச்சட்டம், மேலே கம்பிவலை, மண்ணிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி. கீரை வலையைத் தாண்டி வளர்ந்தால் நுனியை மட்டும் கொத்தலாம். வேர் தப்பும், மறுபடி தழைக்கும். கோதுமையும் ஊறவைத்து முளைகட்டிப் போட்டிருக்கிறேன், அது இன்னும் வேகம்.

முதல் முட்டை! கருப்பி. மரத்தூளில் வெதுவெதுப்பாக. கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜ. ஜன்னலிலிருந்து: "அதை உள்ளே கொண்டு வராதேள்."

மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் பஞ்சு வைத்து, முட்டையை வைத்து, மீட்டர் பாக்ஸ் மேல் வைத்தேன். மாலை ஸ்டேஷன் வாசலில் வித்யாவிடம் சேர்ப்பித்தாயிற்று. வாங்கிக்கொண்டு என் கையையும் பிடித்துக்கொண்டாள். "அம்மா ஏதாவது சொன்னாளா?" "சிரிச்சா" என்றேன். நம்பவில்லை.

ஜூலை 9, புதன்

நல்ல மழை. மாத்திரை வாங்கியாயிற்று!

கடையிலிருந்து வந்தால் வீட்டில் ஜ. இல்லை. கொல்லையில் பேச்சுக் குரல். குடை பிடித்தபடி வலைக்கு வெளியே நின்று முட்டைக்கோஸ் தண்டை ஒவ்வொன்றாக நீட்டுகிறாள்.

"நீ தின்னாச்சு. நகரு. அந்தப் புள்ளிக்கு விடேண்டி, பாவம், அது சாது."

சத்தமில்லாமல் முன்பக்கம் போய், பெல் அடித்து, மறுபடி வந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

ராத்திரி முழுக்க அடைமழை. காலை பத்துக்கு ரயில் நின்றுவிட்டது. பதினொன்றுக்குக் கொல்லையில் கணுக்கால் தண்ணீர். பன்னிரண்டுக்கு முழங்கால். செங்கல் முழுகி மேஜைக்கால் நனைகிறது. தார்ப்பாய் ஒரு பக்கம் பிய்ந்து காற்றில் படபடக்கிறது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், விட்டால் கூடு நனையும், விடாவிட்டால் கோழிகளைத் தூக்க முடியாது. எது முதலில் என்று ஒன்றும் ஓடவில்லை.

பின்கதவைத் திறந்தாள் ஜ.

"எத்தனை நாழி நிப்பேள்? உள்ளே தூக்கிண்டு வாங்கோ!"

"உள்ளேன்னா எங்கே?"

"பாத்ரூம்ல விடுங்கோ. சீக்கிரம்!"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். இரண்டு கோழியை நான், இரண்டை அவள். ஐம்பத்தொன்பது வயதில் முதல்முறையாகக் கோழியைத் தொடுகிறாள், ஒன்றும் சொல்லவில்லை. புள்ளி மட்டும் தொங்கிப் போயிருந்தது. கொக்கு மாதிரி கழுத்தை நீட்டி வாயால் மூச்சு. உள்ளே கரகரவென்று ஒரு சத்தம்.

நான் ஈரத்தோடு மற்ற மூன்றையும் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜ. போனை எடுத்தாள். வித்யா நம்பர்தான் போட்டாள். எடுத்தது அவள் இல்லை, செல்வம்.

நாற்காலியை இழுக்கிற சத்தம். பிறகு:

"நான் ஜயா பேசறேன். வித்யாவோட அம்மா."

பாத்ரூமில் கோழியும் துண்டுமாக அப்படியே நின்றேன்.

"புள்ளிக்கு மூச்சு இழுக்கறது... ஆமா, வாயைத் திறந்துண்டு... கால் ஜில்லுனு இருக்கு... ம்... சின்ன வெங்காயமா? இருக்கு... மிளகு இருக்கு... எப்படிக் குடுக்கறது, எனக்கு பயமா இருக்கே... அய்யோ, இந்தத் தண்ணில எப்படி வருவேள்? ரயில் கிடையாது."

வந்தார். தாராவியிலிருந்து நடந்தே, இடுப்பளவு தண்ணீரில், ஒன்றேகால் மணி நேரம். பின்கேட் தண்ணீருக்குள் இருந்தது. சுற்றி முன்பக்கம் வந்து, படிக்குக் கீழேயே நின்றார்.

ஜ. கதவைத் திறந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"மாமி, கோழி எங்க?"

"உள்ளே வாங்கோ மாப்பிள்ளை."

சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புள்ளி மடியில். ஜ. வித்யாவின் பழைய ஹேர் டிரையரைத் தேடி எடுத்து, செருகிக் கொடுத்தாள். கல்யாணப் பெண்ணுக்குத் தலை காயவைக்கிற மாதிரி இறகு இறகாக. வெங்காயமும் மிளகும் அரைத்து விரல் நுனியில். அட்டைப்பெட்டி, பழைய துண்டு, பக்கத்தில் மேஜை விளக்கு.

"பிழைக்குமா?" ஜ. கேட்டாள்.

"சொல்ல முடியாது மாமி. காலைல தலையத் தூக்கிட்டுன்னா தேறிரும்."

அவருக்கு என் வேட்டி. வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். "இன்னுங் கொஞ்சம் சாதம் போட்டுக்கோங்கோ." மூன்று தடவை. மூன்றாவது தடவையும் தட்டை நீட்டினார். குனிந்து சாப்பிட்டார்.

ஜூலை 16, புதன்

தண்ணீர் வடிந்துவிட்டது. புள்ளி தலையைத் தூக்கியது. ஜ. நீட்டிய மேத்தி இலையை ஒரு தரம் பார்த்தது. கொத்தியது.

"தின்னுடுத்து! மாப்பிள்ளை, தின்னுடுத்து!" கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் அலறிப் புடைத்து எழுந்தார்.

மிருக டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போனார்கள். நான் வேண்டாமாம். தண்ணீரில் கலக்க மருந்து, ஐந்து நாள்.

ஜூலை 17, வியாழன்

பில்டிங் சொசைட்டி செக்ரெடரி வந்தார். "ஆன்ட்டி, பாத்ரூம் மே முர்கி ஹை க்யா?" பாத்ரூமில் கோழியா என்று கேட்கிறார்.

ஜ., வாசலை அடைத்து நின்று: "மெஹ்மான் ஹைன்." விருந்தாளிகளாம்! "பாரிஷ் கே பாத் ஜாயேங்கே." மழை நின்றதும் போய்விடுவார்களாம்.

செக்ரெடரிக்கு ஒரு டம்ளர் காபி. போய்விட்டார்.

வெள்ளச்சி குளியல் சோப்பைக் கொத்திவிட்டது. வேறு சேதமில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மேகம், மழை இல்லை. வித்யா, செல்வம், அவர் அம்மா பேச்சியம்மாள், மூவரும். காலி கிரேட்டோடு. சந்து வேலை முடிந்துவிட்டதாம்.

பேச்சியம்மாள் நேரே கொல்லைக்குத்தான் போனார். செம்பியைத் தூக்கி எடை பார்த்தார். "ஏயம்மா! இது என்ன மைனி, கோழியா வாத்தா? இப்படிக் கொழுக்க வச்சா முட்டை போடாதுல்லா!" மைனி என்றால் மதினி, ஜ.தான்.

ஜ.வுக்குச் சுருக்கென்றது. "போடறதே. தினம் மூணு. நான்தான் எடுத்து வைக்கறேன்."

வித்யா என்னைப் பார்த்தாள். நான் மேகத்தைப் பார்த்தேன்.

வலைச்சட்டத்தைக் காட்டினேன். பேச்சியம்மாள் குனிந்து, வலைக்கு மேலே நிற்கும் கீரையைத் தடவிப் பார்த்தார். "நல்ல யோசனைதான். எங்க பக்கம் இதுக்கு இடம் எங்க?"

"சுவத்துல மாட்டலாமே," என்றாள் ஜ. "வெயில் எந்தப் பக்கம் வரும்?"

"வந்து பாருங்க மைனி. நாளைக்கே வாங்க. நாங் கருவாட்டுக்குழம்பு வைக்க மாட்டேன், பயப்படாதிய."

எல்லோரும் சிரித்தோம். கோழிகளில் இரண்டு போயின, இரண்டு இங்கேயே. எந்த இரண்டு என்பதில் அரைமணி நேரப் பேச்சுவார்த்தை. புள்ளியைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியவில்லை, ஜ. அதை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பேசினாள்.

இப்போது ஏழு மணி. அவர்கள் போய்விட்டார்கள். ஜ. நாளைக்கு என்ன புடவை என்று யோசிக்கிறாள். அளவு நாடா வேண்டுமாம், சுவரை அளக்க. குடையில் ஒரு கம்பி பிய்ந்திருக்கிறது, தைக்க வேண்டும். கூப்பிடுகிறாள்.