மாப்பிள்ளை வீட்டு வம்சாவளி

என் செல்ல மகளுக்கு,

போனில் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன். நாலு நாளாக நான் உன்னோடு கதைக்காமல் இருந்ததற்குக் காரணம் கோபமில்லை; என் இங்கிலீஷ்.

நீ விரும்பும் வெள்ளைக்காரப் பெடியன் என்ன ஆக்கள் என்று கேட்டேன். நீ அவனுடைய படத்தை அனுப்பினாய். கூடவே ஒரு வம்சாவளித் தாளும் வந்தது. அவன் குடும்பம்தான் என்று நினைத்து, அகராதியோடு ஒரு பகல் முழுக்க வாசித்தேன். தாய்க்காரி மூன்று கலியாணம் முடித்தவ. முதல் புருஷன் ராசாவைப் பகைத்து மறியல் வீட்டில் அடைபட்டுச் செத்தவர். கோட்டைக்காகத் தமையனோடு சண்டை. பிள்ளைகள் பதினொன்று. இந்தச் சம்பந்தம் சரிவராது என்று எங்கள் குருநகர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

நேற்று உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா.

"இஞ்சாருங்கோ, உது மகள் ஆராய்ச்சி செய்யிற பழைய காலத்துச் சீமாட்டியின்ரை குடும்பமப்பா, தவறிப்போய் சேர்ந்து வந்திருக்கு. 1240 எண்டு ஆண்டு போட்டுக் கிடக்கெல்லே?"

"நான் வீட்டு நம்பர் எண்டெல்லோ நினைச்சன்!"

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பிறகு, "என்ரை அப்பு உங்கடை குடும்பத்தை இப்பிடி விசாரிச்சிருந்தால் நான் தப்பியிருப்பன்" என்றா.

அவ சொன்னது சரிதான், மகளே. என் பெரியப்பாவுக்கு இரண்டு கலியாணம். நானும் அண்ணையும் ஒரு வள்ளத்துக்காக ஆறு வருடம் கதைக்கவில்லை. எங்களிடம் கோட்டை இல்லாததுதான் குறை.

எனக்கு முழுச் சம்மதம். மாதா கோயிலில் பங்குச் சுவாமியிடமும் சொல்லிவிட்டேன். டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வா. முள்ளெடுத்து மீன் சாப்பிட மட்டும் இப்போதே பழக்கு. அம்மா அதில்தான் ஆளை அளப்பா.

சந்தோஷத்தில் எழுத்துக் கோணிப்போன
உன் அப்பா