ஓவர்சீயர் வருமுன் அடித்த வெள்ளை

அக்கா,

இன்று காலை எதிர்வீட்டில் கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றினார்கள். டப்பாவில் பெயின்ட் வந்தபிறகு எங்கள் தெருவில் அந்த வாசனை அபூர்வம். தண்ணீர் பட்டதும் பொரிந்து கொதித்து, மூக்கில் காரமாக ஏறும் அந்த ஆவி ஜன்னல் வழியே வந்ததும், கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் எத்தனையோ மழைக்காலங்கள் ஆகிவிட்டன.

சுதந்திரம் வந்து சில வருடங்களே ஆகியிருந்த சமயம். ராயபுரத்தில் துறைமுக ரயில் பாதைக்குப் பின்னால், நகரசபை தன் ஊழியர்களுக்காகக் கட்டிய பன்னிரண்டு வீட்டு லைன் நம்முடையது. உங்கள் வீட்டுக்காரருக்கு ரோடு போடும் வேலை, உங்களுக்குத் துறைமுகக் கிடங்கில் தானியம் புடைக்கும் வேலை. நகரசபைப் பள்ளியில் ஆசிரியையாகப் புதிதாகச் சேர்ந்த நானும் என் அம்மாவும் உங்களுக்கு அடுத்திருந்த கடைசி வீட்டில் குடியிருந்தோம்.

உப்புக்காற்று காரையைத் தின்று, உங்கள் பின்சுவரில் உத்திரத்திலிருந்து தரைவரை ஒரு விரிசல் ஓடியது. முந்தைய மழையில் சுவர் அறைப்பக்கம் லேசாகச் சாய்ந்தும் விட்டது. நீங்கள் புலம்பவில்லை. சித்திரையில், எண்ணூரில் கட்டிக்கொடுத்த மகள் உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அதன்பிறகுதான் உங்கள் தூக்கம் போயிற்று.

“ஐப்பசில மவ வர்றா டீச்சரு. கீறது ஒரே ரூமு. அந்த சொவுத்தாண்ட அவள எப்டி படுக்க வெக்கறது?”

நான் நகரசபைக்கு மனு எழுதினேன். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். அடுத்த புதன்கிழமை கட்டட மேற்பார்வை பார்க்கும் ஓவர்சீயர் வந்து வீடுகளைப் பார்வையிடுவார் என்று பதில் வந்தது. அங்கேதான் நான் தவறு செய்தேன்.

பள்ளியில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் என்ன செய்வோம் தெரியுமா? புதுப் படங்களை மாட்டுவோம். உடைந்த பெஞ்சைப் பின்னால் தள்ளுவோம். வாசிக்கத் திணறும் பிள்ளையிடம், நாளைக்கு வீட்டிலேயே இரு என்போம். அதே பழக்கத்தில் குழாயடியில் நின்று சொன்னேன்: “அதிகாரி வர்றார், எல்லாரும் வீட்டைச் சுத்தமா வெச்சுக்குங்க.”

டீச்சர் சொல் லைனுக்கு வேதவாக்கு. வண்ணாரப்பேட்டையிலிருந்து சுண்ணாம்பு வந்தது. தொட்டியில் நீற்றி, நீலம் கலந்து, தட்டிய தென்னை மட்டையால் இரண்டு நாள் வெள்ளையடித்தார்கள். நீங்கள் களிமண்ணைக் குழைத்து விரிசலில் அடைத்து, உள்ளங்கையால் மழமழவென்று தேய்த்து, அதன்மேலும் வெள்ளை பூசினீர்கள். கூட நின்று, “இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்” என்று காட்டியவள் நான்.

ஓவர்சீயர் வந்தார். வாசல் தோறும் கோலம். குடிக்கக் கலர் சோடா கொடுத்தோம். சுவரைத் தட்டிப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, தட்டிக் காட்ட நமக்கும் தோன்றவில்லை. ஊழியர் குடியிருப்புகளில் இவ்வளவு சுத்தமான லைனைத் தான் பார்த்ததில்லை என்று வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார். நமக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் காகிதம் வந்தது. குழாயடியில் நான்தான் வாசித்தேன். வீடுகள் நல்ல முறையில் பராமரிக்கப்படுகின்றன, இவ்வருடம் பழுதுபார்ப்பு தேவையில்லை. குடம் நிரம்பி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. நீங்கள்தான் முதலில் பேசினீர்கள்.

“பொண்ணு பாக்க வந்தவனுக்குப் பவுடரு பூசிக் காட்டினோம். புடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் பூட்டான். அவன கொற சொல்லி இன்னா பண்றது?”

சிரித்தார்கள். நான் அழுதுவிட்டேன். தவறு என்னுடையது, நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். நீங்களும் கூட வருகிறேன் என்றீர்கள். அப்போதுதான் சண்டை வந்தது. லைனுக்குப் பின்னாலிருந்த நிலத்தைக் கிடங்குகளுக்கு ஒதுக்கலாமா என்று சபையில் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. நம் வீடுகள் குடியிருக்கத் தகுதியற்றவை என்று யாராவது எழுதிவிட்டால், அந்த நிலத்தோடு இவையும் போய்விடும். குப்பை லாரி ஓட்டிய ஏழாம் வீட்டு மாணிக்கம் அண்ணன் அதைத்தான் சொன்னார்.

“யக்கா, சொம்மா இரு. நாமளே போய் மறச்சோம்னு சொன்னா, இட்ச்சுட்டு கெடங்கு கட்டிக்குவான். அப்பால அல்லாரும் வியாசர்பாடி தாண்டிப் போய் குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்.”

“சொவுரு வுயுந்தா மட்டும் வூடு நிக்குமா மாணிக்கம்? என் வூட்டு சொவுத்த நான் சொரண்டறேன். உன் வூட்ட நீ பொத்தி வெச்சுக்கோ.”

அன்று மாலையே இரும்புக் கரண்டியால் சுரண்டினீர்கள். தலையெல்லாம் வெள்ளைப் பொடி. என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “சுத்தமா வெச்சுக்கோன்னுதான் நீ சொன்ன. வெள்ள அட்ச்சது நாங்க. அழுவாத. நாளைக்கு ஆபீசுக்குப் போவணும்.”

எழுதியது எழுதியதுதான், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் ஓவர்சீயர். தன் கையெழுத்தைத் தானே மறுப்பது எந்த உத்தியோகஸ்தருக்கும் எளிதல்ல. நீங்கள் வாதாடவில்லை. கிடங்கு வேலைக்குப் போகாமல், அவர் அறைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். பள்ளி விட்டதும் நானும் வந்து பக்கத்தில் உட்காருவேன். மூன்றாம் நாள் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு லைனுக்கு வந்தார். இரக்கப்பட்டா, நம்மைப் பார்த்துப் பார்த்துச் சலித்தா, எனக்கு இன்றும் தெரியாது.

விரிசலுக்குள் அவர் கை மணிக்கட்டு வரை போயிற்று. இதை ஏன் மறைத்தீர்கள் என்று மெல்லக் கேட்டார்.

“வூட்டுக்குப் பெரியவங்க வர்றப்ப கலீஜாவா சார் காட்டுவாங்க?”

அவர் லைனின் மற்ற பின்சுவர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். வெகுநேரம் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்.

சபை கூடிய நாளில் பார்வையாளர் பெஞ்சில் நாம் இருவரும் உட்கார்ந்தோம். முதலில் ஒரு தெருவுக்குப் பெயர் வைக்கும் விஷயம் வந்தது. இரண்டு மெம்பர்கள் இரண்டு பெரியவர்களின் பெயரைச் சொல்லி, விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டே போனார்கள். நீங்கள் என் காதில், “பேரு வெக்க இவ்ளோ நேரமா? என் பேரனுக்கு அஞ்சு நிமிசத்துல வெச்சுடுவேன்” என்றீர்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நம் லைன் கடைசியில் வந்தது. கிடங்கு வரப்போகிற இடத்தில் பழைய வீட்டுக்கு எதற்குச் செலவு என்று ஒரு மெம்பர் கேட்டார். நல்ல நிலை என்று ஓவர்சீயரே எழுதியிருக்கிறாரே என்றார் இன்னொருவர். உங்கள் கை என் மணிக்கட்டை இறுக்கியது. ஓவர்சீயர் எழுந்தார்.

“முதல் அறிக்கை தவறு. நான் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. வீடுகள் குடியிருக்கத் தகுந்தவைதான். பின்சுவர்களை மட்டும் மழைக்கு முன் எடுத்துக் கட்ட வேண்டும்.”

கிடங்குப் பேச்சைத் தள்ளிவைத்தார்கள். விரிசல் கண்ட சுவர்களை மறுபடி கட்டலாம் என்று முடிவாயிற்று. நாம் திரும்பி வந்து சொன்னதும் லைன் முழுக்கக் கரண்டிச் சத்தம். மாணிக்கம் அண்ணன்தான் எல்லாருக்கும் முன்னால் சுரண்டினார். அவர் வீட்டு விரிசல் உங்களுடையதைவிடப் பெரிது.

எல்லாம் நேரத்துக்கு நடந்துவிடவில்லை. விரிசல் கண்ட ஐந்து சுவர்களில் மூன்றுதான் மழைக்குமுன் எழுந்தன. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் அந்த ஐப்பசியை அக்கம்பக்கத்து வீடுகளில் கழித்தார்கள். உங்கள் சுவர் புரட்டாசிக் கடைசியில் முடிந்தது. பூச்சு காய்வதற்குள் மகள் வந்து இறங்கினாள். கடல் இரைந்து காற்று கூரை ஓடுகளைப் பிய்த்த ஒரு பகல்பொழுதில், அந்தப் புதுச்சுவருக்கு அப்பாலிருந்து குழந்தையின் முதல் அழுகை, கொல்லையில் நின்ற எனக்குக் கேட்டது. பேரன் இல்லை, பேத்தி. பெயர் வைக்க நீங்களும் சம்பந்தியம்மாவும் பதினோரு நாள் சண்டை போட்டீர்கள்.

அடுத்த தையில் எங்கள் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வாசிக்கத் தெரியாத நான்கு பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொல்லும்படி தலைமையாசிரியை சொன்னார். நான் அவர்களை முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். ஒரே ஆளாக அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவர்களுக்கு என்னால் சொல்லித்தர முடியவில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். என் பணிக் குறிப்பேட்டில் கண்டனம் ஏறியது. ஆனி மாதம் வகுப்புக்கு இன்னொரு ஆசிரியை வந்தாள்.

அதன்பிறகு எத்தனையோ பள்ளிகளுக்கு மாற்றினார்கள். எங்கே இருந்தாலும், பார்வையிட வந்தவரை வாசலிலேயே வணங்கி, “ஐயா, முதலில் ஒழுகுகிற மூலையைப் பார்த்துவிடுங்கள்” என்று சொல்லித்தான் உள்ளே அழைத்துப்போனேன்.