பிறந்த முடியோடு ஒரு படம்

29-7-44
காய்ச்சல் போய்விட்டது, அசதி போகவில்லை. மலேரியா என்றால் இப்படித்தான் என்கிறார் டாக்டர். தேவசுந்தரி இன்றும் காமிராவைத் துடைத்து முற்றத்தில் வைத்தாள். "சும்மா ஒண்ணு எடுத்துப் பாருங்களேன்" என்றாள். எதை எடுப்பது? கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாலே தூக்கம் வருகிறது. ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் திரும்ப உள்ளே கொண்டு வைத்தாள். இப்படி ஒரு மனைவி வாய்த்ததற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

8-8-44
அம்மையார்குப்பத்து நெசவுக்காரப் பெண் எல்லம்மாள், இடுப்பில் குழந்தையோடு வந்தாள். புருஷன் வேடியப்பன் பட்டாளத்தில், பர்மா எல்லையில். அவன் போன பிறகு பிறந்த பிள்ளை, முகம் பார்த்ததில்லை. ஆடிக் கிருத்திகையன்று முருகன் மலையில் முதல் மொட்டை. "பொறந்த முடியோட அவரு ஒருக்கா பாக்கணுங்கண்ணா. எறக்கிட்டா அப்புறம் ஏதுங்க?"
கிருத்திகை காலையில் வா என்றேன். வாய்தான் சொன்னது, உடம்பு ஒப்பவில்லை.

12-8-44
கிருத்திகை. எழுந்திருக்க முடியவில்லை. படுத்திருக்கிறார் என்று தேவசுந்தரி சொன்னாள். "ஆங், சரிங்க" என்று எல்லம்மாள் போய்விட்டாளாம். தெரு முழுக்கக் காவடி. இந்நேரம் அந்தத் தலையில் கத்தி வைத்திருப்பார்கள். நாலு அடி எடுத்து வைத்திருக்கலாமே — என்ன மனுஷன்யா நான்?

13-8-44
காலையில் வாசலில் எல்லம்மாள். குழந்தையின் தலையில் முடி அப்படியே.
"நாவிதரு எதிர்ல குந்திகினேன். மனசு வரல, எழுந்து வந்துட்டேன். ராத்திரி சத்திரத்துல படுத்துகினோம்" என்றாள்.
"வேண்டுதல் தள்ளிப் போகலாமா?" என்றேன்.
"முருகன் எங்க சாமிதானே, பொறுத்துக்குவாரு. உங்க ஒடம்புக்கும் சேத்து வேண்டிகினுதான் வந்தேன்."
எழுந்து சட்டையை மாட்டினேன். காமிரா முக்காலியை அவளும் தேவசுந்தரியும் தூக்கி வந்து நிறுத்தினார்கள். குழந்தை சும்மா இருந்தால்தானே! தேவசுந்தரி தாம்பாளத்தைத் தட்டினாள். அது வாயைப் பிளந்து பார்த்தது. எடுத்துவிட்டேன். எல்லம்மாள் நேரே மலைக்குப் போனாள்.
வேர்த்து ஊற்றியது, ஆனால் படுக்கத் தோன்றவில்லை. ஜெபத்தில் அவள் சாமிக்கும் சேர்த்து நன்றி சொன்னேன். போதகரிடம் சொல்லப்போவதில்லை.

14-8-44
படம் நன்றாக விழுந்திருக்கிறது. நெற்றியில் சுருண்ட முடிகூடத் தெரிகிறது.

18-8-44
எல்லம்மாள் படம் வாங்க வந்தாள். குழந்தை மொட்டை, தலையெல்லாம் சந்தனம். படத்தை வெகுநேரம் பார்த்தாள். "அவரு ஜாடைதான், இல்லீங்களாண்ணா?" நான் வேடியப்பனைப் பார்த்ததே இல்லை. ஆமாம் என்றேன்.
கிளம்பியவளை இரும்மா என்று நிறுத்தினேன். இந்த மொட்டையையும் அவன் பார்க்க வேண்டாமா? தேவசுந்தரியைக் கூப்பிடவில்லை. முக்காலியை நானே தூக்கி வந்தேன்.